வீட்டுப் புல்தரையில் களை வராமல் தடுப்பது எப்படி? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் புது வீடு கட்டுகிற பலரும் இப்போது வாசலில் ஒரு துண்டு இடத்தையாவது புல்தரைக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் மழைக்காலத்திலேயே கோரை தலைகாட்டும், அடுத்த சித்திரைக்குள் எது புல் எது களை என்று தெரியாமல் போய்விடும், அப்புறம்தான் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டு வருவார்கள். மருந்துக் கேள்வியைக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். நம் ஊரில் பாதிக் களை நாமே காசு கொடுத்து வண்டியில் ஏற்றி வந்து இறக்குவதுதான், அதை முதலில் பேசிவிடலாம்.

புல் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இவ்வளவு களை எங்கிருந்து வந்தது?

மண்ணோடு வந்தது. புது மனைகளில் நிறைய நேற்று வரை வயலாக இருந்தவை. அதில் கோரை விதையும் புல் விதையும் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும், கொத்தி வெளிச்சம் காட்டியதும் எழுந்துவிடும். அது போதாதென்று மேடாக்க டிராக்டர் டிராக்டராகச் சவுடும் வண்டலும் அடிக்கிறோம். குளத்துக் கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ வெட்டிய மண் என்றால் அதில் கோரைக்கிழங்கு இல்லாமல் இருக்காது.

மண் வாங்கும் முன் வெட்டுகிற இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மேலே கோரை நின்றால், மேல் ஒரு அடி மண்ணை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே இருப்பதைத் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். இன்னொரு சுலபமான வழி, ஒரு பக்கெட் மண் மட்டும் முதலில் வாங்கி வந்து, அகலமான தட்டில் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வெயிலில் வைப்பது. என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு மீதி லோடுக்குச் சொல்லலாம். மண்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

நர்சரியில் வாங்கும் புல் பாயில் களை இருக்குமா?

இருக்கும், அதுவும் தாராளமாக. விரித்து வைத்த பாயை மேலே பார்த்தால் பச்சையாக அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் கொடுப்பதற்கு முந்தின நாள் வெட்டியிருப்பார்கள். நாலைந்து பாயைத் திருப்பிப் போட்டு அடி மண்ணை விரலால் கிளறுங்கள். கொண்டைக்கடலை அளவில், கருப்பாக, மயிர் ஒட்டிய மாதிரி உருண்டை தட்டுப்பட்டால் அது கோரைக்கிழங்கு. ஒரு பாயில் இருந்தாலும் அந்த லாட்டையே விட்டுவிடுவது நல்லது. விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்க வேண்டாம்.

வீட்டில் மாடு இருக்கிறது. சாணத்தை அப்படியே போடலாமா?

பச்சைச் சாணம் வேண்டாம். மாடு வரப்பில் மேயும்போது தின்ற விதைகளில் தோல் கெட்டியாக இருப்பவை சீரணமாகாமல் அப்படியே வெளியே வருகின்றன, சாணத்தோடு போட்டால் உரத்தோடு விதைத்த மாதிரி ஆகிவிடும். குவியலாகப் போட்டு மக்க வைத்த எரு என்றால் பயம் குறைவு, ஆனால் அது உண்மையிலேயே சூடேறி மக்கியிருக்க வேண்டும். குவியலின் நடுவில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் சில நாள் நின்றால்தான் பெரும்பாலான விதைகள் சாகும். ஓரத்தில் அந்தச் சூடு வராது, அதனால்தான் குவியலைக் கலைத்து ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் மாற்றிப் போட வேண்டும். கொல்லையில் வருஷம் முழுக்கக் கொட்டி வைத்த குப்பைமேடு, மேலே குப்பைமேனியும் சாரணையும் முளைத்து நிற்கிறது என்றால், அதை எரு என்று நினைத்துப் புல்தரையில் போடாதீர்கள்.

மண்புழு உரம் நல்லதுதான், ஆனால் புழு உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் அதில் சூடு ஏறவிட மாட்டார்கள், விதை தப்பிக்க வாய்ப்பு உண்டு. வாங்கும் இடத்தில் முதலில் சாணத்தை மக்க வைத்துவிட்டுத்தான் புழு விடுகிறார்களா என்று கேளுங்கள்.

பழைய வயல் மனை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. அதற்கும் களைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வருஷா வருஷம் சேற்றுழவு ஓட்டிய நிலத்தில், உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தளம் மாதிரி இருக்கும். நெல்லுக்கு அது வரம், புல்தரைக்குத் தொல்லை. தண்ணீர் கீழே இறங்காமல் நின்றால் புல்லின் வேர் மூச்சு முட்டி மெலியும், ஈரத்தை விரும்பும் கோரை, பொடுதலை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி எல்லாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புல் போடும் முன்பே கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ ஒன்றரை அடி வரை உடைத்துவிட்டு, வீட்டிலிருந்து விலகிப் போகும்படி 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுங்கள். மேடு மட்டும் போட்டால் போதும் என்று நினைத்து, இறுகிய மண்மேல் ஆறு அங்குலம் சவுடு பரப்பிப் புல் வைத்த வீடுகள் நிறைய, ஐப்பசியில் போய்ப் பார்த்தால் தெரியும்.

நிலத்தை எப்படித் தயார் செய்தால் பின்னால் களை குறையும்?

களையை முதலில் முளைக்க விட்டுக் கொல்வதுதான் வழி. கொத்திச் சமன் செய்த நிலத்துக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், 10 முதல் 15 நாளில் முளைத்து நிற்பதை மேலாகச் செதுக்கிவிடுங்கள், மறுபடி தண்ணீர், மறுபடி செதுக்குதல். இரண்டு மூன்று சுற்று போனால் மேல் மண்ணில் காத்திருந்த விதைகளில் பெரும்பகுதி காலி. இரண்டாவது சுற்றிலிருந்து ஆழமாகக் கொத்தக் கூடாது, கொத்தினால் அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

சித்திரை, வைகாசியில் நேரம் இருந்தால் வெயிலையே வேலைக்காரனாக்கலாம். நிலத்தை ஈரமாக்கி, கண்ணாடி போல் தெளிவான பாலிதீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டி விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிடுங்கள். கருப்பு ஷீட் மண்ணை இந்த அளவு சூடாக்காது, கேட்டு வாங்க வேண்டியது தெளிந்த ஷீட்தான். ஓரத்தில் காற்று புகுந்தாலும் பலன் போச்சு. விதைக் களைகளுக்கு இது நல்ல மருந்து, ஆழத்தில் இருக்கும் கோரைக்கிழங்கை மட்டும் முழுதாகக் கொல்லாது. கோரை அதிகம் உள்ள இடத்தில் ஷீட்டுக்குப் பதிலாகக் கோடை உழவு போல ஆழமாகக் கொத்தி, கிழங்குகளை மேலே புரட்டி, தண்ணீரே காட்டாமல் அக்னி நட்சத்திரத்தில் காயப்போடுவது மேல். இடையிடையே கிளறிவிட்டால் சரி.

இதெல்லாம் முடிந்து ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ புல் போட்டால், ஐப்பசி அடைமழைக்குள் புல் பின்னித் தரையை மூடிவிடும். புரட்டாசியில் அவசரமாகப் போட்டால் புல் பிடிக்கும் முன்பே மழை வந்துவிடும், அதில் ஜெயிப்பது களைதான். ஆடியைத் தவறவிட்டவர்கள் தைக்குக் காத்திருக்கலாம்.

எந்தப் புல் போட்டால் களை குறைவாக வரும்?

உங்கள் இடத்தில் அடர்ந்து வளரும் புல் எதுவோ அது. நல்ல வெயில் விழும் இடமென்றால் அருகு வகை, அதாவது நர்சரிக்காரர்கள் பெர்முடா என்று விற்பது. வேகமாகப் படரும், மிதி தாங்கும், வறட்சி தாங்கும், ஓரளவு உப்புத் தண்ணீரும் தாங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளுக்கு இதைத்தான் சொல்வேன். வயலில் இதே அருகைத்தான் வரப்பிலிருந்து உள்ளே வராமல் விரட்டிக்கொண்டிருந்தோம், இப்போது சதுர அடி விலை கொடுத்து வாங்குகிறோம், அது வேறு கதை.

கொரியன் புல் மெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் படரும். முதல் வருஷம் இடைவெளியெல்லாம் உங்கள் கைவேலையை எதிர்பார்க்கும். அரை நிழல் இடத்துக்கு அகல இலை உள்ள பஃபலோ புல். எதைப் போட்டாலும், காசு மிச்சம் பிடிக்கப் பாயை ஓரடிக்கு ஒரு துண்டு என்று விட்டு விட்டு வைப்பது களைக்கு விருந்து வைப்பதுதான். கட்டாயம் துண்டாகத்தான் நட வேண்டும் என்றால் அரை அடிக்கு மேல் இடைவெளி விடாமல் நட்டு, மூடும் வரை வாரம் ஒருமுறை உட்கார்ந்து எடுங்கள்.

கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துவிட்டது. அழிக்கவே முடியாதா?

ஒரே நாளில் முடியாது, ஒரு வருஷத்தில் அடக்கலாம். முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கோரை என்று பாருங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் முக்கோணமாக முனை தட்டும், அது பெரும்பாலான கோரைக்கும் பொது. மெதுவாக இழுத்தால் கொத்து வேரோடு முழுதாகக் கையில் வருகிறதா, அடியில் கிழங்கு இல்லையா, அது வயலில் விதையால் வரும் வருடாந்திரக் கோரை. பூக்கும் முன் பிடுங்கினால் கதை முடிந்தது.

மற்றது, செம்பழுப்பாகப் பூக்கும் கிழங்குக் கோரை. இழுத்தால் "டப்" என்று மேல் பாகம் மட்டும் வரும். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு கொடி, அதில் ஒரு கிழங்கு, அங்கிருந்து இன்னொரு நூல், இன்னொரு கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். நூல் அறுந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் தனித்தனியாக முளைக்க ஆரம்பிக்கும். ஒன்றைப் பிடுங்கினால் நாலு வருகிறது என்று சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

பெரும்பாலான கிழங்குகள் மேல் அரை அடி மண்ணுக்குள்தான் இருக்கும். நாலைந்து தலை தெரிகிற நிலையிலேயே, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், களைக்கொட்டைச் செங்குத்தாக இறக்கி ஒரு கையளவு மண்ணோடு தூக்கி, கிழங்கைத் தேடி எடுத்துவிட்டு மண்ணைத் திரும்பப் போட்டு அழுத்துங்கள். எடுத்த கிழங்கைக் குப்பைக் குழியில் போடக் கூடாது, சிமெண்டுத் தரையில் காயவைத்து எரியுங்கள். இடம் முழுக்கப் பரவிவிட்டது என்றால் தோண்டிக்கொண்டிருக்க முடியாது, அங்கே பொறுமை ஆட்டம்தான். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும் என்பதால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் பழைய கிழங்கில் இருக்கும் சத்து தீர்ந்துகொண்டே வரும். நடுவில் ஒரு மாதம் விட்டீர்களானால் பழையபடி ஆகிவிடும்.

கோரைக்கு ஒரு பலவீனம் உண்டு, நிழல் ஆகாது. புல் அடர்ந்து, கொஞ்சம் உயரமாக நின்றால் அது வெளுத்துப்போகும். அதனால் அடுத்த கேள்வி முக்கியம்.

புல்லை எவ்வளவு கட்டையாக வெட்டலாம்?

கிரிக்கெட் மைதானம் மாதிரி ஒட்ட வெட்டுவதுதான் நம் ஊர்ப் புல்தரைகளின் முக்கியமான வியாதி. ஆள் மாதம் ஒருமுறை வருகிறார், பிரஷ் கட்டரால் மண் தெரிய மழித்துவிட்டுப் போகிறார், வெயில் நேரே மண்ணில் விழுகிறது, விதைகள் முளைக்கின்றன. அருகும் கொரியனும் என்றால் 3 முதல் 4 சென்டிமீட்டர், பஃபலோ என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் நிற்கட்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை லேசாக வெட்டுவது நல்லது. வெட்டிய இரண்டாம் நாளே புல்லுக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது கோரை, அன்றைக்குக் கண்டுபிடித்து எடுப்பது சுலபம்.

வாடகை மெஷின் வந்தால் முதலில் பிளேடையும் அடிப்பாகத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். முந்தின வீட்டு விதையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

தினமும் தண்ணீர் விட வேண்டுமா? வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சலாமா?

புதுப் புல்லுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் தினமும். பிடித்த பிறகும் தினமும் மாலை மேலாகத் தெளித்துக்கொண்டிருந்தால், மேல் ஒரு அங்குலம் எப்போதும் ஈரமாக இருந்து களை விதைக்கு நாற்றங்கால் ஆகிவிடும், புல்லின் வேரும் மேலேயே நிற்கும். நம் களி கலந்த வண்டல் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். கோடையில்கூட மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை, காலையில், அரை அடி ஆழம் நனைகிற அளவு விட்டால் போதும். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், சிரமமில்லாமல் இறங்கினால் ஈரம் இருக்கிறது.

வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணை வழியாக வாய்க்காலுக்கு வரும் முதல் தண்ணீரில் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கரையின் விதைகளெல்லாம் மிதந்து வரும். அந்த முதல் சில நாள் தண்ணீரைப் புல்லுக்கு இறைக்காதீர்கள். அப்புறமும் குழாய் வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே நின்றுவிடும்.

உரம் போட்டால் களைக்கும்தானே போகும்?

போகும். ஆனால் பசியில் இருக்கும் புல் களையோடு போட்டியிட முடியாது. ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடிக்கு, ஒரு தடவைக்கு 400 கிராம் யூரியா போதும். டெல்டா நில அளவையில் ஒரு சென்ட் என்பது மூன்று குழிக்குக் கொஞ்சம் மேலே. இலை காய்ந்திருக்கும்போது சீராகத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் கருகி, அந்தத் திட்டில் களை வரும். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று, தேவைப்பட்டால் பங்குனியில் ஒன்று. அடைமழைக்கு முன் போட்டது புல்லுக்குப் போகாது, வாய்க்காலுக்குப் போகும். மண் பரிசோதனை செய்ய நினைப்பவர்கள் நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் மருந்துச் செடிதானே. அதையும் பிடுங்க வேண்டுமா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், சில சமயம் சண்டையாகவும் வரும். வேண்டுமானால் தொட்டியில் தனியாக வளருங்கள். புல்தரையில் விட்டால் மூக்கிரட்டை தடித்த வேரை ஆழமாக இறக்கிவிடும், பிறகு பிடுங்கினால் மேல்தான் வரும். பருப்புக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போடாதீர்கள், ஈரம் பட்டால் திரும்ப வேர் விடும், சட்டியில் போடுவதுதான் சரி. ஆனால் எப்போதாவது களைக்கொல்லி அடித்த தரையில் முளைத்த எதையும் சமைக்க வேண்டாம்.

நெருஞ்சி முளைப்பது, தரை காய்ந்து இறுகி வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்கு அடையாளம். முள் கட்டும் முன் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கிளறி ஒரு துண்டுப் புல் வையுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு எடுங்கள், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

புல்லுக்கு அடியில் களைத்தடுப்புத் துணி விரிக்கலாமா?

வேண்டாம். புல் வேர் கீழே போகாது, களையோ துணிக்கு மேலே இருக்கும் மண்ணில் முளைக்கும். அந்தத் துணி ஜல்லி பரப்பிய நடைபாதைக்குச் சரி.

உப்பு, வினிகர், கொதிதண்ணீர்?

உப்பு கூடவே கூடாது. கடலோரத்தில் உப்பைக் கழுவி வெளியேற்ற எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று பார்த்தால் யாரும் கையால் அள்ளிப் போட மாட்டார்கள். வினிகர் மேல் இலையைக் கருக்கும், புல்லையும் சேர்த்து, கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. கொதிதண்ணீர் செங்கல் இடுக்கு, சிமெண்ட் ஓரம் மாதிரி இடங்களுக்கு நல்ல வழி, கால் பத்திரம்.

சரி, களைக்கொல்லியே அடிக்கக் கூடாதா?

கைக்கு அடங்காத நிலைமையில் யோசிக்கலாம், ஆனால் கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள். கிளைபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும், உங்கள் புல் உட்பட. அதோடு 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த கட்டுப்பாட்டின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலம்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். பாராகுவாட் வீட்டுப் பக்கமே வரக் கூடாது, உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது.

2,4-டி முக்கியமாக அகன்ற இலைக் களைகளைத்தான் தாக்கும், புல்லைப் பெரும்பாலும் விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் காற்றில் கொஞ்சம் பறந்தாலும் பக்கத்து வீட்டுத் தக்காளி, கத்திரி இலையெல்லாம் சுருண்டுவிடும். பருத்தி அதற்கு இன்னும் மோசமாகச் சுருளும், திருவாரூர், நாகை பக்கம் கோடையில் நெல் எடுத்த வயலில் பருத்தி நிற்கும்போது இதைக் கையில் எடுப்பது ஊர்ச் சண்டைக்கு அழைப்பு. கோரைக்கு ஹாலோசல்பூரான் என்று ஒன்று உண்டு, கரும்பில் பயன்படுத்துகிறார்கள். உங்கள் புல்லுக்கு ஏற்றதா, எவ்வளவு என்பதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்காமல் தொட வேண்டாம். பெண்டிமெத்தலின் விதை முளைப்பதைத் தடுக்கும், கிழங்கை ஒன்றும் செய்யாது, புதிதாகப் போட்ட புல்லின் வேரையும் தடுத்துவிடும். என் கணக்கில் இரண்டு சென்டுக்குக் கீழே உள்ள தரைக்கு மருந்துத் தெளிப்பான் வாங்குகிற காசுக்குக் களை எடுக்க ஆளே வைத்துவிடலாம்.

மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்று வடிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மேலே படிந்த சேறு காய்ந்து ஓடாகும் முன் தென்னந்துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள், அதில் ஊரிலுள்ள விதை எல்லாம் இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது மிதிக்க வேண்டாம், மிதித்த தடத்தில் கேழ்வரகுக் கதிர் மாதிரி பூக்கும் முரட்டுப் புல் வரும், பிடுங்கவே வராது. புல் செத்துச் சொட்டையான இடங்களை அந்த வாரத்திலேயே அடைக்க, மாடியிலோ கொல்லையிலோ இரண்டு மூன்று தட்டில் அதே புல்லை வளர்த்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

மாமரத்தடியில் என்ன செய்தாலும் புல் நிற்கவில்லை, களைதான் வருகிறது.

ஒரு நாளைக்கு நாலு மணி நேர வெயில்கூட விழாத இடத்தில் எந்தப் புல்லும் அடர்ந்து நிற்காது. கீழ்க் கிளைகளைக் கழித்துப் பாருங்கள், பஃபலோ புல் வைத்துப் பாருங்கள், அதுவும் சொட்டையானால் விட்டுவிடுங்கள். மக்கிய தென்னை நார்க்கழிவையோ காய்ந்த மா இலையையோ மூன்று அங்குலம் பரப்பினால் களை அடங்கும், அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். வைக்கோல் வேண்டாம், உதிராமல் நின்ற மணியெல்லாம் நெல் நாற்றாக எழுந்துவிடும்.